டெய்லர் தைப்பவரா, வெட்டுபவரா?

குன்னூரில் எல்லாரும் சொல்லும் ‘டெய்லர்’ எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேர்ப்பொருள் வெட்டுபவர். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் லத்தீன் ‘தாலேயா’, அதாவது நடுவதற்கு நறுக்கிய குச்சி. நம் தேயிலை நர்சரியில் ஒற்றை இலையோடு நறுக்கிப் பையில் ஊன்றுகிறார்களே, அதேதான்!

தமிழ் ஊசியைப் பிடித்துக்கொண்டது: தை, தையல், தையற்காரர். பழைய பெயர் துன்னகாரர். துன்னம் என்றாலும் தையல்தான். சிலப்பதிகாரத்தில், புகார் நகரின் ஒரு பகுதியான மருவூர்ப்பாக்கத்தில் தோல் தைப்பவர்களோடு இவர்களும் வருகிறார்கள்.

பஜார் கடையில் பாருங்கள். ஸ்வெட்டருக்கு மேல் டேப்பைத் தொங்கவிட்டு, சாக்பீஸால் கோடு போட்டுக் கத்திரி வைப்பவர் கட்டிங் மாஸ்டர். மெஷின் மிதிப்பது வேறொருவர். நியாயமாக, ‘டெய்லர்’ மாஸ்டருக்கே பொருந்தும்.