அமெரிக்காவில் அரசு உணவு உதவிப் பணத்தில் குளிர்பானம், மிட்டாய் வாங்கக் கூடாது என்று சில மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றனவே, அது சரியா?

நான் அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறேன். எங்கள் மாநிலத்தில் இந்தத் தடை 2026 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கவுண்டரில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: குளிர்பானத்தை நிறுத்தியது சரி. மிட்டாய்க்குக் கோடு போட்ட விதம் தவறு.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ஸ்னாப் என்கிற இந்த உதவிக்கு முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்று பெயர். ரேஷன் கடை போல அரிசி, பருப்பை எடை போட்டுத் தருவதில்லை. மாதாமாதம் ஒரு அட்டையில் பணம் ஏறும், அதைத் தேய்த்து வேண்டிய உணவை வாங்கிக்கொள்ளலாம். நாட்டில் சுமார் 4 கோடிப் பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், இதை வாங்குகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக நாளைக்கு 6 டாலர் வரும். மது, புகையிலை, சுடச்சுடத் தயாராக விற்கும் சாப்பாடு ஆகியவை முன்பிருந்தே கிடையாது. எங்கள் கடையில் சூடாக வைத்திருக்கும் சுட்ட கோழிக்கு அட்டை செல்லாது, பச்சைக் கோழிக்குச் செல்லும். அடுப்பே இல்லாத மோட்டல் அறையில் தங்கியிருப்பவர் அந்தப் பச்சைக் கோழியை வைத்து என்ன செய்வார்?

குளிர்பானத்தை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு 1964-இல் இந்த உதவிக்கான சட்டம் வந்தபோதே இருந்தது. அப்புறம் மினசோட்டா 2004-இல் கேட்டது, நியூயார்க் நகரம் 2010-இல் கேட்டது. இரண்டையும் மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது. 2025 மே மாதம் நெப்ராஸ்காவுக்குத்தான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18 மாநிலங்கள் வாங்கிவிட்டன. யூட்டாவும் மேற்கு வர்ஜீனியாவும் குளிர்பானத்தோடு நிறுத்திக்கொண்டன. இந்தியானா மிட்டாயையும் சேர்த்தது. எங்கள் அயோவா இன்னும் ஒரு படி மேலே போய், விற்பனை வரி போடும் உணவு எதுவுமே கூடாது என்று சொல்லிவிட்டது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். வரிச் சட்டம் ஆரோக்கியத்துக்காக எழுதப்பட்டதல்ல. அதன்படி மிட்டாய்க்கு வரி உண்டு, ஆனால் கோதுமை மாவு கலந்தால் அது மிட்டாய் இல்லை, வரியும் இல்லை, அதனால் தடையும் இல்லை.

ஜனவரியில் ஒரு பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளோடு வந்தார். பால், ரொட்டி, முட்டை, கோழிக்கால், ஒரு பை உருளைக்கிழங்கு. கடைசியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட். அக்கா எடுத்தது கிட்கேட், தம்பி எடுத்தது சாதாரண பால் சாக்லேட். அட்டையைத் தேய்த்ததும் எல்லாம் கழிந்து, பையனுடைய சாக்லேட் மட்டும் பாக்கி என்று திரையில் நின்றது. அதற்கு வரி வேறு. அக்காவுடையது மட்டும் எப்படிப் போனது என்று அவன் என்னைத்தான் கேட்டான். உறையைத் திருப்பி, மாவு இருக்கிறது என்று காட்டினேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? பாட்டி பர்ஸைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணினார். பின்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது, பாட்டிக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

குளிர்பானத்துக்கு மட்டும் ஏன் ஆதரவு என்றால், ஒரு 12 அவுன்ஸ் கோக் டின்னில் 39 கிராம் சர்க்கரை. அதைத் தவிர உடம்புக்கு உதவும் ஒன்றும் அதில் கிடையாது. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கால் விரலை எடுத்தார்கள். பெரிய பாட்டில்களை வண்டி நிறையத் தள்ளிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும். ஆனால் உதவி வாங்குபவர்கள் மட்டும்தான் இதைக் குடிக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016-இல் வேளாண் துறை வெளியிட்ட ஆய்வில், ஸ்னாப் குடும்பங்களின் மளிகைச் செலவில் குளிர்பானம் சுமார் 5 சதவீதம், மற்றவர்களுக்கு 4 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். பெரும்பாலான குடும்பங்கள் அட்டையோடு சொந்தக் காசையும் போட்டுத்தான் சாமான் வாங்குகின்றன. அட்டையில் வராவிட்டால் பாட்டிலுக்குக் கைக்காசைக் கொடுக்கிறார்கள், பாலுக்கு அட்டையைத் தேய்க்கிறார்கள். தினமும் பார்க்கிறேன்.

அதனால்தான் தடையோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன். மாசசூசெட்ஸில் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011, 2012-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். பழம், காய்கறிக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திரும்ப அட்டையில் ஏறியது. அந்தக் குடும்பங்கள் இந்தச் சலுகை கிடைக்காத ஸ்னாப் குடும்பங்களைவிட 26 சதவீதம் கூடுதலாகப் பழமும் காய்கறியும் சாப்பிட்டார்கள். 2009-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ‘டபுள் அப்’ திட்டமும் இதே வழிதான். அயோவாவிலும் சில கடைகளில் இருக்கிறது. எங்கள் கடையில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பாட்டியின் கூடையில் ஆப்பிளும் சேர்ந்திருக்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

இப்போதெல்லாம் அட்டையைக் கையில் எடுத்து வைத்திருப்பவர் வந்தால், செல்லாது என்று எனக்குத் தெரிந்ததைத் தனியாக ஒதுக்கி வைத்து மற்றதை முதலில் ஸ்கேன் செய்கிறேன். பிறகு, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி, இது வேண்டுமா என்று மெதுவாகக் கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்று தலையசைப்பார்கள். அதை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் வைத்துவிடுவேன்.