மூக்கு தடித்தால் குடிகாரரா?

கேள்வி: டொக்டர், எங்கள் அப்பாவுக்கு 58 வயது. வெல்லாவெளிப் பக்கம் வெள்ளாமை செய்கிறார். ஏழெட்டு வருடமாக மூக்கு நுனி சிவந்து தடித்து, தோடம்பழத் தோல் மாதிரி குழி விழுந்திருக்கிறது. சாராயத்தைத் தொட்டே அறியாதவர், ஆனாலும் ஊரில் ‘தண்ணி மூக்கு’ என்று கதைக்கிறார்கள். கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். பார்மசியில் தந்த களிம்பைப் பூசினால் சிவப்பு குறைகிறது, விட்டால் முன்னரைவிடக் கூடுகிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அந்தக் களிம்புக் குழாயைத் திருப்பிப் பாருங்கள் மகள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீரொய்ட். பூசும்போது அடங்குவதும் விட்டதும் சீறுவதும் அதன் குணம். முகத்தில் தொடர்ந்து பூசினால் நோயையே வளர்த்துவிடும். நிறுத்தினால் சில வாரங்களுக்குச் சிவப்பு கூடும். அதனால் தோல் வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரோசேசியா (முகம் சிவந்து பருக்கள் வரும் நாட்பட்ட தோல் நோய்) முற்றி வரும் ரைனோபைமா போலத்தான் தெரிகிறது. பல வருட அழற்சியில் மூக்கின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, அவற்றைச் சுற்றி நார்த்திசு படிகிறது. நடுவயது தாண்டிய ஆண்களில்தான் அதிகம். குடித்தால் முகம் சிவக்கும், அது உண்மை. ஆனால் மூக்கு பெருப்பதற்குக் குடி காரணமில்லை. இந்தப் பழி உலகம் முழுக்க உள்ள பழி, உங்கள் ஊர் மட்டும் விதிவிலக்கா என்ன?

ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் தொழுநோய் இன்னும் இருக்கிறது. தொழுநோய் ஆஸ்பத்திரித் தீவான மாந்தீவை அறியாதவர் மட்டக்களப்பில் யார்? காது மடல் தடித்திருக்கிறதா, புருவம் உதிர்கிறதா, எங்காவது தோல் மரத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், மருந்தால் முழுதாகக் குணமாகும்.

சரி, சிகிச்சை. மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் பூச்சுகளும் டொக்சிசைக்கிளின் மாத்திரையும் சிவப்பையும் பருக்களையும் அடக்கும், தடித்த சதையைக் கரைக்காது. மூக்கு இன்னும் மென்மையாக இருந்தால் ஐசோட்ரெடினோயின் மாத்திரை ஓரளவு சுருக்கும். இரத்தப் பரிசோதனையோடு வைத்தியர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். டொக்சிசைக்கிளினோடு சேர்த்து எடுக்கவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் கூடிவிடும். கருவிலுள்ள பிள்ளையையும் பாதிக்கும் மருந்து, ஆகவே வீட்டில் வேறு யாரும் வாயில் போடக் கூடாது.

தொட்டால் கட்டியாக, நார் பிடித்து இருந்தால் மருந்துக்குக் காத்திருப்பது வீண். ‘வெட்டுவது’ என்று நீங்கள் பயப்படுவது உண்மையில் சீவுவதுதான். மூக்கை மரக்கச்செய்து, கத்தியாலோ மின்கருவியாலோ லேசராலோ கூடுதல் சதையை அடுக்கடுக்காக எடுப்பார்கள். ஆழத்தில் எஞ்சும் சுரப்பிகளிலிருந்தே புதுத்தோல் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும், ஒட்டுத்தோல் தேவைப்படுவது அரிது. ஆசைப்பட்டு ஆழமாகச் சீவினால் தழும்புதான் மிச்சம். நம் நிறத்தில் வெளிறிய திட்டு விழவும் கூடும், இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அபூர்வமாக உள்ளே தோல் புற்று மறைந்திருப்பதுண்டு. வயல் வெயிலுக்கு அகன்ற தொப்பியும் சன்ஸ்கிரீனும் இதற்குப் பிறகும் வேண்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகும்போது களிம்புக் குழாயோடு அப்பாவின் பழைய அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். மூக்கு முன்பு எப்படி இருந்தது என்று அந்தப் படம் சொல்லும்.