கேளுங்க அக்கா: டொராண்டோவில் ஹோமியோபதி படிக்க எந்தக் காலேஜ்?

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. பி.எஸ்சி. விலங்கியல் முடித்து மூன்று வருடமாகிறது, அழகப்பா பல்கலைக்கழக டிகிரி. எங்க வீட்டில் மாமியார் எதற்கெடுத்தாலும் ஹோமியோபதிதான், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இப்போது மச்சானுக்கும் (என் கணவர்) எனக்கும் கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வந்துவிட்டது, டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் குடியேறப் போகிறோம். அங்கே ‘காலேஜ் ஆஃப் ஹோமியோபதிஸ் ஆஃப் ஒன்டாரியோ’ என்று ஒன்று இருக்கிறதாம், அதில் சேரலாமா? இல்லை, இங்கேயே பி.எச்.எம்.எஸ். என்கிற ஹோமியோபதி பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போவது நல்லதா? (பெயர் வேண்டாம், கீழக்கரை)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பெயர் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் சொல்கிற காலேஜில் வகுப்பறையும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. ஒன்டாரியோவில் ‘காலேஜ்’ என்ற சொல்லை நம்ம ஊர் மெடிக்கல் கவுன்சில் மாதிரியான அமைப்புக்கும் வைக்கிறார்கள். நர்ஸ்களுக்கு ஒரு காலேஜ், டாக்டர்களுக்கு ஒரு காலேஜ் என்று இருக்கும், எல்லாம் பதிவு செய்கிற, தப்பு செய்தால் விசாரிக்கிற இடம். ஹோமியோபதிக்கு 2007-ல் சட்டம் போட்டு, 2015 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து, அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத யாரும் அந்த மாகாணத்தில் தன்னை ஹோமியோபதி வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆக, நீங்கள் படிக்கப்போவது வேறொரு தனியார் பள்ளியில், படித்து முடித்து வந்து நிற்கவேண்டிய வாசல்தான் இந்தக் காலேஜ்.

அதனால் எந்தக் காலேஜ் என்று கேட்பதற்கு முன்னால், இந்த வாசலில் எந்தப் படிப்பை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்காரர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் சேர்க்கத்தான் பார்ப்பார்கள். நேரே அந்த அமைப்புக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, இன்ன பள்ளியில் இன்ன படிப்பு முடித்தால் பதிவு கிடைக்குமா, நோயாளி பார்த்த பயிற்சி எவ்வளவு வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கையில் வரும்வரை ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சித்தி மகள். தொண்டிக்காரி, கல்யாணமாகி இங்கிலாந்து போனவள், அங்கே போய் இறங்கிய வருடமே ஒரு ஹோமியோபதி பள்ளியில் சேர்ந்துவிட்டாள், சனி ஞாயிறு வகுப்பு, மூன்று வருடம், தவணை தவணையாக ஃபீஸ். எல்லாம் முடிந்து கண்ணாடிச் சட்டகம் போட்ட டிப்ளமோவோடு நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, அங்கே ஹோமியோபதிக்கு அரசாங்கப் பதிவே கிடையாது, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், இருக்கிற சங்கங்கள் எல்லாம் விருப்பப்பட்டுச் சேர்கிற சங்கங்கள் என்று. 2017-ல் அந்த நாட்டு அரசு மருத்துவ சேவை, டாக்டர்கள் இனி ஹோமியோபதி மருந்தை எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. மூன்று வருடத்தில் அவள் நேரில் உட்கார்ந்து பார்த்த நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பள்ளி பொய் ஒன்றும் சொல்லவில்லை, இவள் கேட்காததைச் சொல்லவும் இல்லை. போனில் அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு இது அப்படித்தான் மாறுகிறது. மலேசியாவில் 2016-ல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்று சட்டம் வந்து ஹோமியோபதியும் அதற்குள் இருக்கிறது. நீங்கள் போகிற கனடாவிலேயே மாகாணம் மாறினால் கதை மாறிவிடும். மச்சானுக்கு நாளைக்கே வான்கூவரில் வேலை கிடைத்து மாறவேண்டி வந்தால் உங்கள் ஒன்டாரியோ பதிவு அங்கே கூட வராது, அதையும் இப்போதே அவரோடு பேசிவிடுங்கள்.

சரி, இங்கேயே பி.எச்.எம்.எஸ். படிப்பதைப் பற்றி. நீட் எழுதவேண்டும், நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவம், ஆக ஐந்தரை வருடம். நமக்குப் பக்கத்தில் அரசுக் கல்லூரி என்றால் திருமங்கலத்தில் இருப்பது. படிப்பு என்ற அளவில் இது கெட்டி: உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் என்று எல்லாம் சொல்லித்தருவார்கள், நோயாளிகளையும் நிறையப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக் கனடாவில் டாக்டர் லைசென்ஸ் தேர்வு எழுத முடியாது, ஒன்டாரியோவில் ஹோமியோபதி வைத்தியராகப் பதிவு செய்தாலும் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடவும் முடியாது. இந்தியாவில் போடுகிறார்களே என்று அங்கே போட்டால் அது குற்றம். பி.ஆர். கையில் வந்த பிறகு ஐந்தரை வருடம் மச்சான் அங்கே நீங்கள் இங்கே என்று இருந்தால், ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே இருக்கவேண்டும் என்ற பி.ஆர். விதியும் இடிக்கும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபப்படாதீர்கள். உங்கள் மாமியார் கையில் உள்ள அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி, மூடியில் நாலு வெள்ளை உருண்டையைத் தட்டி நாக்கில் போட்டுவிட்டு ‘அரை மணி நேரம் காப்பி குடிக்காதே’ என்பது, நம்ம வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அதன் மேல் ஒரு பாசம் இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்று நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. நீங்கள் தொழில் செய்யப்போகிற ஊரில் நோயாளிகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள். ஒன்டாரியோவின் அரசுக் காப்பீட்டில் ஹோமியோபதிக்குக் காசு கிடையாது, நோயாளியின் கைக்காசு அல்லது வேலையிடக் காப்பீடுதான். இந்த வருமானத்தை நம்பி வீட்டு வாடகை போடமுடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்று தோன்றினால், விலங்கியல் படித்த பிள்ளை நீங்கள், அங்கே நர்சிங்கோ மருத்துவ ஆய்வகப் படிப்போ படித்து வேலையில் நின்றுகொண்டு, ஹோமியோபதியைப் பகுதிநேரமாகப் படிக்கலாம். எனக்கு மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

பள்ளியைப் பார்க்கப்போகும்போது, அது மாகாணத்தில் பதிவான தொழிற்கல்விப் பள்ளியா என்று பாருங்கள், பாதியில் மூடிவிட்டால் கட்டிய பணத்துக்கு ஒரு வழி இருக்கவேண்டும். அப்புறம் கடைசி வருடம் படிக்கிற ஒரு மாணவியைத் தனியாகப் பிடித்து, இந்த மாதம் எத்தனை நோயாளி பார்த்தாய் என்று கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. நம்ம கடற்கரையில் உப்புக் காற்றுக்குப் பயந்து சான்றிதழை வாங்கின மறுநாளே லேமினேஷன் போட்டுவிடுவோம். அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு வைக்கிற முத்திரை) வைக்கிற இடத்தில் அதுதான் பெரிய தொல்லை. போட்டிருந்தால் நீங்களே பிரிக்கப் பார்க்காதீர்கள், எழுத்து அட்டையோடு வந்துவிடும். காரைக்குடியில் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய் நகல் சான்றிதழுக்கும், டிரான்ஸ்கிரிப்டுக்கும் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் முழுப் பட்டியல்) இப்போதே எழுதிக்கொடுங்கள். உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று மதிப்பிடும் நிறுவனம் டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாகவே கேட்கும், அதற்கு நாளாகும்.

கேள்வி: மகன் பி.எச்.எம்.எஸ். முடித்துவிட்டான், அவனுக்குத் துபாயில் கிளினிக் வேலை தேடுகிறோம். என்ன செய்யணும்? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: அண்ணே, அங்கே ஹோமியோபதிக்கு லைசென்ஸ் உண்டு, அது இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடத் தொடக்கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பும் தேர்வும் இருக்கும். துபாய்க்கு வாங்கியது அபுதாபிக்குத் தானாகச் செல்லாது. தமிழ்நாடு ஹோமியோபதி கவுன்சில் பதிவும், அவர்களிடமிருந்து நன்னடத்தைச் சான்றும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். விசிட் விசாவில் வந்துவிடு, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் அனுப்பாதீர்கள்.