மென்பொருள் நிறுவனர் ஒருவர் முதலீட்டாளராக மாறுவது எளிதா?

நிறுவனம் நடத்தி வென்றவர்கள் பிறருடைய நிறுவனங்களில் பணம் போடுபவர்களாக மாறுவது எளிதா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பல ஆண்டுகள் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், அத்தகைய புகார்களைக் கையாளும் மென்பொருளை விற்கும் ஃப்ரெஷ்வொர்க்ஸின் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம்தான்.

திருச்சிக்காரரான அவர் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அமெரிக்காவின் ஆஸ்டினிலிருந்து ஊர் திரும்பியபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. மாதக்கணக்கில் கேட்டும் கிடைக்காத காப்பீட்டுப் பணம், அதைப் பற்றிப் பலரும் பார்க்கும்படி இணையத்தில் எழுதிய பிறகே வந்து சேர்ந்தது. 2010இல், புகார்களைக் கையாளும் மென்பொருளை விற்ற ஜென்டெஸ்க் என்ற நிறுவனம் தன் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியபோது, அந்தச் செய்தியின் கீழ், இந்தத் துறையில் புதிதாக ஒருவர் நுழைய இதுவே தருணம் என்னும் பொருள்பட யாரோ எழுதியிருந்த குறிப்பு அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து சென்னையில், பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2011இல் அக்ஸெல் என்ற முதலீட்டு நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது. 2021 செப்டம்பரில் ஒரு பங்கு 36 டாலர் என்ற விலையில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிட்டு, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்களானதைக் கொண்டாடிய நம் நாளிதழ்கள், சில மாதங்களிலேயே பங்கு அந்த 36 டாலருக்குக் கீழே சரிந்ததை அவ்வளவாகக் கொண்டாடவில்லை!

அவர் முதலீட்டாளராக மாறியது, கையில் பணம் சேர்ந்ததால் வந்த ஆசை என்று நான் நினைக்கவில்லை. சாஸ்பூமி என்ற நிறுவனர் கூட்டமைப்பின் மூலம், சந்தா முறை மென்பொருளுக்கு விலை வைப்பது எப்படி, சென்னையில் அமர்ந்தபடியே அமெரிக்க வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி என்றெல்லாம் இளைய நிறுவனர்களுக்கு அவர் முன்பே சொல்லிக்கொடுத்து வந்தார். அதற்கு ஒரு நிதி வடிவம் கொடுத்ததுதான், ஏகா மென்பொருள் நிறுவனத்தின் மானவ் கர்க் உள்ளிட்டோருடன் 2021இல் தொடங்கிய டுகெதர் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம். அதன் முதல் நிதி 8.5 கோடி டாலர். 2024 மே மாதம் ஃப்ரெஷ்வொர்க்ஸின் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பை டென்னிஸ் உட்சைடிடம் ஒப்படைத்தவர், 2025 டிசம்பரில் செயல் தலைவர் பதவியையும் விட்டு, நிதியில் முழுக் கவனம் செலுத்தச் சென்றார்.

கடினமான பகுதி இங்கேதான் வருகிறது. நிறுவனருக்கு இருப்பது ஒரே நிறுவனம். அதில் எது தவறாகப் போனாலும் மறுநாள் காலையே தானே திருத்தலாம். முதலீட்டாளரோ பணத்தைப் பல நிறுவனங்களில் பிரித்துப் போட்டு, அவற்றில் பெரும்பாலானவை பெரிய லாபம் தராது என்று அறிந்தே, ஓரிரண்டு நிறுவனங்கள் மொத்த நிதியையும் தூக்கி நிறுத்தும் என்று காத்திருக்க வேண்டும். தவறான முடிவு கண்ணெதிரே எடுக்கப்படும்போதும் ஆலோசனை சொல்லலாமே தவிர, அந்த நாற்காலியில் தான் போய் உட்கார முடியாது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவருக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். (மாத்ருபூதம் என்பது, பிறர் வீட்டுப் பிரசவத்துக்குத் தாயாக வந்து நின்ற மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயர், இந்தத் தொழிலுக்குப் பொருத்தமான பெயர்தான்.)

புகாரைக் காதுகொடுத்துக் கேட்கும் அவருடைய பழக்கம், எந்தச் சந்தையில் ஓட்டை இருக்கிறது என்பதைக் கண்டறிய உதவும். எந்த மனிதர் பத்தாண்டு தாங்குவார் என்பதைக் கணிக்க அது போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இத்தகைய நிதிகளின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டுகள் என்பதால், 2021இல் தொடங்கியதன் கணக்கு 2031 வாக்கில்தான் தெரியவரும். அதுவரை அவரை வெற்றி பெற்ற நிறுவனர் என்று மட்டுமே எழுதுவேன்.