வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை உடைத்துத் தினமும் முகத்தில் தடவலாமா?

தடவ ஆரம்பித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கன்னத்தில் பொரிப்பொரியாக ஏதாவது வந்திருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை பார்மசிஸ்ட் நான். "முகத்துக்குதாண்ணா" என்று அந்த அட்டையை யாராவது வாங்கிப்போகாத நாளே கிடையாது. ஊருக்கெல்லாம் வேண்டாம் என்பேன், என் தங்கச்சி கேட்கமாட்டாள். கல்யாணத்துக்குள் பருத் தழும்பு போகணும், பார்லர் அக்கா சொன்னாங்க என்று, கேப்ஸ்யூலை ஊக்கால் குத்திப் பிழிந்து கற்றாழையில் குழைத்து ராத்திரி பூசிக்கொண்டு படுப்பாள். தலையணை உறையெல்லாம் பிசுக்கு. முதலில் முகம் பளபளத்தது. "பாத்தியாண்ணா?" என்றாள். அப்புறம் தாடையிலிருந்து காது வரை சிவந்து தடித்து, தூங்கவிடாத அரிப்பு.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில், எது ஒவ்வாமை என்று பார்க்க, முதுகில் சின்னச் சின்ன ஒட்டு ஒட்டி பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. மே மாதப் புழுக்கத்தில் அம்மா பக்கத்திலேயே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பிரித்தால், கற்றாழை வைத்த இடம் சும்மா இருந்தது. வைட்டமின் வைத்த இடம்தான் தடித்திருந்தது.

"எனக்குப் பல வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று சண்டைக்கு வராதீர்கள். எல்லாருக்கும் இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. கிரீம்களிலும் இதே வைட்டமின் ஈ இருக்கிறது, ஆனால் கொஞ்சமாக. பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. கேப்ஸ்யூல் விழுங்குவதற்கென்று செய்தது, ஒன்றிலேயே 400 மில்லிகிராம். தழும்பு போகும் என்பதும் பெரிய நம்பிக்கைதான். அமெரிக்காவில் 1999-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், அறுவை சிகிச்சைத் தழும்பில் இதைத் தடவிய மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது, தழும்பு மறைவதிலும் பெரும்பாலோருக்குப் பலன் இல்லை. தடவியே தீருவேன் என்றால் முன்னங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பாருங்கள்.

இதையெல்லாம் கவுன்டரில் பொறுமையாகச் சொன்னால் "சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டு, வாசலில் நின்றே ஏதோ ஆப்பில் தள்ளுபடி விலைக்கு ஆர்டர் போடுகிறார்கள். அரிப்பு வந்ததும் மாத்திரைக்கு மட்டும் இங்கே, நான் ஷட்டரைப் பாதி இறக்கியபிறகு, ஐந்நூறு ரூபாய் நோட்டோடு!