எழுப்பாமலா, எழுப்பிவிடாமலா?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சென்ற வாரம் பிளஸ் டூ மாணவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு வாக்கியம் கொடுத்தேன்: ‘ஷி வாஸ் கேர்ஃபுல் நாட் டு வேக் த சைல்ட்.’ நன்றாகப் படிக்கிற ஒரு பையன், ‘குழந்தையை எழுப்புவதில் அவள் கவனமாக இல்லை’ என்று எழுதியிருந்தான். தவறு என்று சுழித்துவிட்டேன். ஏன் தவறு என்று அவன் கேட்டபோது, ‘நாட் டு என்றால் அப்படித்தான்’ என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அட்ஜெக்டிவுக்குப் பின்னால் ‘நாட் டு’ வரும்போது தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு விதி ஏதும் உண்டா? இப்போது ‘டு நாட்’ என்றும் பலர் எழுதுகிறார்களே, அது சரியா?

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையன் நன்றாகப் படிக்கிறவன் என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அவன் செய்தது தமிழ் அறிந்தவன் செய்கிற தவறு. தமிழில் ‘இல்லை’ வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். ‘வரவில்லை’, ‘கவனமாக இல்லை’, ‘முடியவில்லை’ என்றே கேட்டு வளர்ந்த காது, நடுவில் ஒரு ‘நாட்’ கேட்டதும் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட இடங்களில் ‘நாட்’ தனக்குப் பின்னால் வருவதைத்தான் மறுக்கும். ‘கேர்ஃபுல்’ அதற்கு முன்னால் நிற்பதால் அதைத் தொடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘டு வேக்’ என்பதற்கு நம்மிடம் ‘எழுப்ப’ இருக்கிறது. ‘நாட் டு வேக்’ என்பதற்கு ஒரே சொல்லில் நேரான வடிவம் இல்லை. ‘எழுப்ப’ என்ற எச்சத்துக்கு எதிர்மறை வேண்டுமானால் ‘எழுப்பாமல் இருக்க’ என்று சுற்றித்தான் வரவேண்டும். ஒன்றைச் செய்யாதிருப்பதற்குத் தமிழில் சொல் கிடையாது என்று இதற்குப் பொருள் இல்லை. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள்: அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. செய்யாதிருத்தலையே பெயராக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்துக் குறள் எழுத முடிந்த மொழி இது. எச்சத்தில் மட்டும்தான் அந்த வசதி இல்லை. அதனால் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘நாட் டு’ ஒன்றுதான். தமிழில் அதற்கு ஐந்தாறு வடிவங்கள் உண்டு. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை முன்னால் நிற்கும் அட்ஜெக்டிவ்தான் சொல்லும். நீங்கள் கேட்ட விதிக்கு மிக அருகில் வருவது இதுதான்.

உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘குழந்தையை எழுப்பாமல் கவனமாக இருந்தாள்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் இருப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். ‘குழந்தையை எழுப்பிவிடாமல் பார்த்துக்கொண்டாள்’ என்பார். அந்த ‘விடு’ எங்கிருந்து வந்தது? ‘கேர்ஃபுல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கை தவறி, கால் இடறி நடந்துவிடக்கூடிய ஒன்றில்தான் கவனம் தேவைப்படும். பாத்திரத்தை ஓசையில்லாமல் இறக்கி வைக்கிறாள், கதவின் தாழ்ப்பாளை விரலால் பிடித்து மெல்ல விடுகிறாள். அவள் எழுப்ப நினைக்கவில்லை. எழுப்பிவிடுவோமோ என்று அஞ்சுகிறாள். இதே வாக்கியத்தில் ‘கேர்ஃபுல்’ இருந்த இடத்தில் ‘டிடர்மிண்ட்’ வந்திருந்தால் ‘விடு’வுக்கு வேலை இல்லை. ‘குழந்தையை எழுப்புவதில்லை என்று உறுதியாக இருந்தாள்’ என்றாகும். ஆங்கிலத்தில் பின்பாதி எழுத்துக்கு எழுத்து அதேதான். ஒன்று கைதவறுவதற்கு எதிரானது, மற்றொன்று முடிவெடுத்துச் செய்வது. தமிழ் இரண்டையும் வினைச்சொல்லிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறது. இதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தங்கள் மொழியில் ஆங்கிலத்தைவிட நுட்பமான ஒரு இடம் இருப்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இது அடிபட்டு வந்த பாடம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதையை மொழிபெயர்த்தேன். ஊர்ப் பெரியவர் கூட்டம் கூட்டுகிறார், எல்லோரும் போகிறார்கள். ‘தே வேர் அஃப்ரெய்ட் நாட் டு கோ’ என்றிருந்தது. ‘போவதற்கு அவர்கள் அஞ்சவில்லை’ என்று எழுதினேன். அப்படியே அச்சாகிவிட்டது. வராவிட்டால் என்ன ஆகுமோ என்று நடுங்கியபடி போனவர்களை நான் நெஞ்சை நிமிர்த்திப் போகவைத்துவிட்டேன். கதையின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பயம் வெடிக்கும்; என் மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே புரிந்திருக்காது. அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் மனம் கூசாமல் புரட்ட முடியவில்லை. அங்கே வேண்டியிருந்தது ‘ஆவிட்டால்’ என்ற வடிவம்: ‘போகாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்தார்கள்.’ பயத்துக்குப் பின்னால் ‘நாட் டு’ வந்தால் பின்விளைவு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

அன்றிலிருந்து ஒரு சிறு சோதனை வைத்திருக்கிறேன். வகுப்பிலும் செய்யலாம். ‘நாட்’ தொடங்கி மீதியைக் கையால் மறைத்துவிட்டு, மிஞ்சுவது உண்மையா என்று கேளுங்கள். அவள் கவனமாக இருந்தாளா? இருந்தாள். அவர்கள் பயந்தார்களா? பயந்தார்கள். ஆம் என்று பதில் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழிலும் மறுக்கக்கூடாது. ‘நாட் அஃப்ரெய்ட் டு கோ’ என்றிருந்தால்தான் பயமே இல்லை.

மற்ற வடிவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘சாரி நாட் டு ஹேவ் கம்’ என்றால் ‘வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன்’. ‘ஃபூலிஷ் நாட் டு ஆஸ்க்’ என்றால் ‘கேட்காமல் விட்டது முட்டாள்தனம்’; செய்யாமையைத் தீர்ப்பிடும் சொற்களுக்கெல்லாம் ‘விட்டது’ நன்றாகப் பொருந்தும். ‘லக்கி நாட் டு பி ஹர்ட்’ என்றால் ‘நல்ல வேளை, அடிபடவில்லை’. அட்ஜெக்டிவ் ‘நல்ல வேளை’யாகி முன்னால் ஓடிவிடுகிறது. ‘லைக்லி’ மட்டும் விதிவிலக்கு. அதற்கு முன்னால் ‘நாட்’ வந்தாலும் பின்னால் வந்தாலும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான்: ‘வரமாட்டார் போலிருக்கிறது.’

‘ஹார்ட் நாட் டு லாஃப்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’, ‘ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்’ என்ற இரண்டு வாக்கியங்களை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1960களில் புகழ்பெற வைத்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதலாவதில் மகிழ்விக்கத் துடிப்பவன் ஜான், இரண்டாவதில் மகிழ்விக்கப்படுபவன் ஜான். இவற்றில் ‘நாட்’டை நுழைத்துப் பாருங்கள். முதலாவதில் எளிதாக உட்காரும். இரண்டாவதில் ஒட்டாது, ஜானை மகிழ்விக்காமல் இருப்பது எளிது என்று யார் சொல்லப்போகிறார்கள்? அப்படியிருக்க, ‘ஹி இஸ் ஹார்ட் நாட் டு லைக்’ என்பது மட்டும் எப்படி இயல்பாக இருக்கிறது? பிடித்துப்போவது தானாக நடப்பது. சிரிப்பும் அப்படித்தான், ஒருவரைப் பற்றிய நினைப்பும் அப்படித்தான். தானாகப் பொங்குவதைத் தடுக்கத்தான் முயற்சி வேண்டும். அங்கே ‘செய்யாமல் இருப்பது’ ஒரு வேலையாகிவிடுகிறது. அதனால் தமிழில் ‘சிரிக்காமல் இருப்பது கடினம்’ என்று எழுதுவதைவிட ‘சிரிப்பை அடக்க முடியவில்லை’ என்பதே நல்லது. ‘ஹார்ட் நாட் டு லைக்’ என்றால் ‘அவரை யாருக்கும் பிடிக்காமல் போகாது.’

‘நாட்’ எங்கே நிற்கிறது என்பதில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கும் என்பதற்குக் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டீன் ஓர் உதாரணம். ஐந்தாம் நூற்றாண்டில் லத்தீனில் அவர் இரண்டு நிலைகளைப் பிரித்தார். ஆதாமுக்கு இருந்தது ‘பாவம் செய்யாமல் இருக்க முடிவது’. மீட்கப்பட்டவர்களுக்கு இனி வரப்போவது ‘பாவம் செய்யவே முடியாமை’. ஆங்கிலத்தில் இவை ‘ஏபிள் நாட் டு சின்’, ‘நாட் ஏபிள் டு சின்’. ‘நாட்’ ஒரு சொல் தாண்டி நகர்கிறது. ஆதாமின் தோட்டத்துக்கும் சொர்க்கத்துக்கும் இடையிலான தூரம் அதில் இருக்கிறது.

இனி ‘டு நாட்’. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் எதுவும் வரக்கூடாது என்ற கண்டிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பட்டது. 1864-இல் ஹென்றி ஆல்ஃபர்ட் ஆங்கில நடை பற்றி எழுதிய நூல் அதற்குத் துணைநின்றது. மொழியியலாளர்கள் இன்று ‘டு நாட்’டைப் பிழை என்று சொல்வதில்லை. பேச்சில் சாதாரணமாக வருகிறது. எழுத்தில் ‘நாட் டு’ பழகிய வடிவம். தேர்வில் மாணவர்கள் அதையே எழுதட்டும், திருத்துகிறவர் யாராக இருந்தாலும் மதிப்பெண் போகாது.

அந்தப் பையனின் விடைத்தாளை முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘கேர்ஃபுல்’, ‘அஃப்ரெய்ட்’, ‘டிடர்மிண்ட்’ மூன்றையும் அதே வாக்கியத்தில் மாற்றி மாற்றி வைத்து மூன்று தமிழ் வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். ‘எழுப்பிவிடாமல்’ என்ற சொல்லை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தம்பி தங்கை தூங்குகிற வீட்டில் வளர்ந்தவன் என்றால் அது அவனிடமே இருக்கும். என்ன எழுதினான் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.