யோகா நன்றாக வருகிறது, சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 43, மதுரையில் வசிக்கிறேன். எட்டு வருடமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஆசனங்கள் செய்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கக்கா" என்று கேட்கிறார்கள். முறையாகப் பயிற்சி எடுக்க நினைத்தால் ஒரு மாதப் படிப்பு, 200 மணி நேரச் சான்றிதழ், ஆன்லைன் வகுப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் சேர்வது? எனக்குச் சிரசாசனம் வராது. அது ஒரு குறையா?

பதில்: குறையே இல்லை. உங்களிடம் வரப்போகிறவர்களில் பாதிப் பேருக்குச் சம்மணம் போட்டு உட்காருவதே கஷ்டமாக இருக்கும். அவர்களை வலியில்லாமல் உட்கார வைக்கத் தெரிந்தவர்தான் அவர்களுக்கு ஆசிரியர். புதியவர்கள் நிறைந்த வகுப்பில் சிரசாசனத்தைத் தொடவே கூடாது.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். யோகா பழக்கமில்லாத ஒருவரை எதிரே நிறுத்தி, நீங்கள் செய்து காட்டாமல், வாய்மொழியாக மட்டும் திரிகோணாசனம் சொல்லுங்கள். கால்கள் எவ்வளவு அகலம், எந்தப் பாதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மூச்சு எப்போது உள்ளே, எப்போது வெளியே என்று வரிசையாக. "கையால் பாதத்தைத் தொடுங்கள்" என்றீர்களா? அவர் முழங்காலை மடக்கி, மார்பைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து, எப்படியாவது தொட்டிருப்பார். "முட்டிக்குக் கீழே கை எங்கே எட்டுகிறதோ அங்கே போதும்" என்றிருந்தால் அப்படிக் கவிழ்ந்திருக்க மாட்டார். எட்டு வருடப் பயிற்சி உங்கள் உடம்பைத்தான் உங்களுக்குக் காட்டியிருக்கிறது. அடுத்தவர் உடம்பைப் பார்க்கும் கண் தனியாக வர வேண்டும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கண்ணைத் தருமா என்று பாருங்கள்.

வயதைப் பற்றிய கவலையும் கேள்விக்குள் ஒளிந்திருப்பது தெரிகிறது. சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை 1976-இல் தொடங்கிய தேசிகாச்சார் முதலில் பொறியாளர். யோக ஆசிரியரான அப்பா கிருஷ்ணமாச்சாரியாவிடம் யோகம் கற்க வந்தது அதற்குப் பிறகுதான். அதே கிருஷ்ணமாச்சாரியாவின் மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் 1937-இல் புனேக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோது 18 வயதுதான். குருவிடம் கற்றது கொஞ்ச காலம் என்பதால், சொல்லிக்கொடுத்துக்கொண்டே தன் உடம்பில் சோதித்துக் கற்றார். நாற்காலி, கயிறு, மரக்கட்டை எல்லாம் யோகாவுக்குள் பரவலாக வந்தது அந்தச் சோதனையால்தான். ஆனால் அவருக்கு வாய்த்த வழி என்று நினைத்து, பயிற்சி இல்லாமல் நேரே வகுப்பில் இறங்கிவிடாதீர்கள். உங்கள் பரிசோதனைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் முதுகெலும்பு கிடைக்கக் கூடாது.

இனி படிப்புகள். தங்கிப் படிக்கும் ஒரு மாதப் பயிற்சி என்பது 28 நாளில் 200 மணி நேரத்தை அடக்குவது, அதாவது நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். சிவானந்த மரபினர் 1969-இலிருந்தே இப்படி நான்கு வாரப் பயிற்சி தருகிறார்கள். கேரளாவின் நெய்யாறு அணையில் மட்டுமல்ல, மதுரைக்குப் பக்கத்திலும் அவர்களுக்கு ஆசிரமம் உண்டு. பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களை ஒரே வரிசையில் அழுத்தமாகப் பதிய வைப்பார்கள். புதிய ஆசிரியருக்கு அது நல்ல கைப்பிடி. அந்த வரிசைக்குப் பொருந்தாத உடம்பு எதிரே வரும்போதுதான் தடுமாறுவீர்கள். கிருஷ்ணமாச்சாரியா மரபு நேரெதிர். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவதே அங்கே பாடம். கற்க நாளாகும், ஆனால் நடுத்தர வயதினருக்குச் சொல்லிக்கொடுக்க அதுதான் அதிகம் கைகொடுக்கும். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற பயிற்சி முறையில் உள்ளூர் மன்றம் வழியாகவே படிப்படியாக ஆசிரியராகலாம். அது அவர்களின் எளியமுறை உடற்பயிற்சி, தவம், காயகல்பம் ஆகியவற்றைச் சொல்லித்தரும் தகுதி. ஆசனங்கள் முழுவதற்குமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளி, கல்லூரி வேலைதான் நோக்கம் என்றால் பல்கலைக்கழகப் பட்டயமோ முதுகலையோ தேவைப்படும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

வீட்டையும் வேலையையும் விட்டு ஒரு மாதம் நகர முடியாதவர் என்றால், வார இறுதிகளில் ஒரு வருடம் நடக்கும் பயிற்சியையே சொல்வேன். சனிக்கிழமை கேட்டதை வாரம் முழுக்கச் செய்து பார்த்து, அடுத்த சனிக்கிழமை சந்தேகத்தோடு போகலாம். ஆன்லைன் படிப்பைத் தத்துவப் பாடத்துக்கும் உடற்கூறுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பு கோணலாக இருப்பதைத் திரை வழியாகச் சரியாகப் பார்த்துச் சொல்வது கடினம்.

சேரும் இடத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "200 மணியில் நாங்கள் பாடம் எடுத்துப் பழகுவது எத்தனை மணி? அப்போது யார் உட்கார்ந்து திருத்துவார்?" இருபது மணி நேரம்கூட இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஒரு அணிக்கு முப்பது நாற்பது பேர் என்றாலும் வேண்டாம்.

சான்றிதழ் விஷயம். தனியாக வகுப்பு நடத்த நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. ஆனாலும் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018-இல் வந்த யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வை எழுதிவிடுங்கள். முதல் நிலை 200 மணி நேரப் பாடத்திட்டம், இரண்டாம் நிலை 400, மூன்றாவது 800. எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு; ஜலநேதி (மூக்கை நீரால் கழுவுவது) போன்ற கிரியைகளும் பாடத்தில் இருப்பதால் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் வேறு வகை. பயிற்சிப் பள்ளிகளையும் அங்கே படித்தவர்களையும் பதிவு செய்யும் அமைப்பு அது. வெளிநாட்டு மாணவர்கள் வந்தால் பயன்படும். மதுரைத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்த கையோடு பலகை மாட்ட வேண்டாம். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பில் மூன்று மாதமாவது உதவியாளராக நில்லுங்கள். யார் மூச்சை அடக்குகிறார், யார் தாடையை இறுக்குகிறார், யாருடைய முட்டி உள்பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒருவரைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சொந்த வகுப்பு நான்கு பேரோடு தொடங்கட்டும். ஆளுக்கு ஏழடிக்கு நாலடி இடம் வேண்டும். முதல் நாளே ஒரு தாளில் வயது, அறுவைச் சிகிச்சை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு, முதுகு, கண், கர்ப்பம் பற்றி எழுதி வாங்குங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்பவரிடம் "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால்தான் உண்மை வரும். ரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கும்பகமும் (மூச்சை அடக்கி வைப்பது) கபாலபாதியும் (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது) தலைகீழ் ஆசனங்களும் கிடையாது. கண்ணில் நீரழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவருக்குத் தலை இதயத்துக்குக் கீழே போகும் எதுவும் ஆகாது, நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனம் உட்பட. முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) விலகியவரைக் காலை நீட்டி முன்குனிய வைக்காதீர்கள். முட்டி வலி உள்ளவருக்கு வஜ்ராசனத்துக்குப் பதில் நாற்காலி. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் அதிகாலை வெறும் வயிற்றில் வந்தால் திடீரென்று வியர்த்து நடுங்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையும் தண்ணீரும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: அமர்ந்து மூச்சைக் கவனிக்க 5 நிமிடம், மூட்டுகளைத் தளர்த்த 10, ஆசனங்கள் 28, பிராணாயாமம் 9, சவாசனம் 8. புதிய ஆசிரியர்கள் ஆசனத்தை நீட்டிவிட்டுச் சவாசனத்தை இரண்டு நிமிடத்தில் முடித்து விடுவார்கள். அப்புறம் மாணவர்கள் களைத்துப் போய் வீடு திரும்புவார்கள். இன்னொரு வழக்கமான தப்பு, வகுப்பையே தன் பயிற்சி நேரமாக்கிக்கொள்வது. சர்வாங்காசனத்தில் நீங்களும் மேலே காலைத் தூக்கிக் கிடந்தால், பின்வரிசையில் ஒருவர் கழுத்தைத் திருப்புவதை யார் பார்ப்பது? ஒருமுறை காட்டுங்கள், எழுந்து நடங்கள். எதிரே நின்று காட்டும்போது அவர்களுக்கு வலது என்றால் நீங்கள் இடதைத் தூக்க வேண்டும். கண்ணாடி முன் ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

இலவசமாகத் தொடங்காதீர்கள். இலவச வகுப்புக்கு மழை பெய்தால் ஆள் வராது. வாடகை, பாய், மின்சாரம், உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டி, எட்டுப் பேர் வந்தால் கட்டுப்படியாகும் தொகையை வையுங்கள். முடியாதவருக்குத் தனியே குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மாதத்தில் யாராவது "சுகர் குறைஞ்சிருக்குக்கா, மாத்திரையை நிறுத்திரலாமா?" என்று கேட்பார். அதற்கு "டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டி அவர் சொன்னா நிறுத்துங்க" என்ற ஒரே பதிலை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.